காலம் என்பது உண்டா?

பூதிகோட்டையைச் சூழ்ந்து கிடக்கும் நிலப்பரப்பின் வயது யாது என்று கேட்டால், நிலநூல் வல்லார் தயக்கமின்றி விடை பகர்வர். அண்மையிலுள்ள தங்கவயலில் பொன்னைத் தன்னுள் வைத்திருந்த கரும்பாறைத் தொடர் ஏறத்தாழ 270 கோடி ஆண்டு பழமையானது என்பது அவர்கள் துணிபு. ஹைதர் அலி பிறந்த ஊர் என்று சரித்திர நூல்கள் குறிக்கும் நம் ஊரின் கோட்டை அதனோடு ஒப்பிட நேற்றைய பொருள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் பாட்டன்மார் மூட்டை முடிச்சுகளோடு இப்பக்கம் பெருந்திரளாக வந்தது, 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத் தொழிலைக் கைக்கொண்ட பின்னர். அதுவோ இன்று காலையைப் போன்றது.

இவ்வாறு கணக்கிடும்போது நாம் ஒன்றை ஆராயாமலே ஒப்புக்கொண்டு விடுகிறோம். பாறைக்கும் கோட்டைக்கும் பாட்டனுக்கும் நமக்கும் பொதுவாகக் காலம் என்று ஒன்று உண்டு. அது எங்கும் ஒரே சீராக ஓடுகிறது. எவர் அளந்தாலும் அளவாவிட்டாலும் ஓடுகிறது என்பதே அவ்வொப்புதல். இன்றைய பௌதிக விஞ்ஞானத்தின் முன்வரிசையில் நிற்போர் பலர் இதனையே ஐயுறுகின்றனர். இது வெறும் வேதாந்தம் என்று அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. இந்த ஐயத்தோடு தொடர்புள்ள சில ஆராய்ச்சிகள் நம் காலடியிலேயே, தங்கவயல் சுரங்கத்தின் ஆழத்தில் நடைபெற்றவை.

சுரங்கம் இயங்கிய நாளில் தங்கவயலுக்குக் காலத்தைப் பகுத்துக் கொடுத்தது சங்கு. சங்கு ஊதினால் ஒரு ஷிப்டு முடிந்தது, மற்றொன்று தொடங்கிற்று. லைன் வீடுகளில் உலை வைப்பதும், பிள்ளைகளைப் பள்ளிக்கு எழுப்புவதும் அதன் ஒலியைக் கேட்டே நடந்தன. சங்குக்கு மேட்டில் நிற்பவன், பள்ளத்தில் நிற்பவன் என்ற பேதம் இல்லை. நியூட்டன் கருதிய காலம் இத்தகையதே. பிரபஞ்சம் முழுவதற்கும் ஒரே சங்கு. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் விஞ்ஞானிகள் அதனை நம்பிக் கணக்கிட்டனர். கணக்குகளும் பெரும்பாலும் சரியாகவே வந்தன.

அச்சங்கை முதலில் உடைத்தவர் ஐன்ஸ்டீன். 1905-இல் அவர் வெளியிட்ட சார்பியல் கொள்கையின்படி, விரைந்து செல்லும் கடிகாரம் நின்று பார்ப்பவனுக்கு மெதுவாக ஓடுவதாகவே தோன்றும். இதனை இயற்கையே மெய்ப்பிக்கும் ஒரு வழியை 1938-இல் சுட்டியவர் நம் நாட்டு ஹோமி பாபா. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் உச்சியில் மோதும்போது, இன்று மியூவான் என வழங்கும் நுண்துகள்கள் பிறக்கின்றன. ஒரு மியூவானின் சராசரி ஆயுள் ஒரு விநாடியின் பத்து லட்சம் கூறுகளில் 2.2 கூறு. ஒளியின் வேகத்தில் பறந்தாலும் அதற்குள் அது 660 மீட்டருக்கு மேல் செல்ல இயலாது. ஆயினும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பிறந்த மியூவான்கள் தரையை வந்து அடைகின்றன. நம்முடைய கடிகாரத்தின்படி அவற்றின் ஆயுள் நீண்டுவிடுகிறது. அவற்றின் சொந்தக் கடிகாரத்தில் ஆயுள் மாறவில்லை. சங்கு ஒன்றுதான் என்றால் இது நடவாது.

பாபா நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1951-இல் பி. வி. ஸ்ரீகண்டன் என்னும் இளம் விஞ்ஞானி தங்கவயலுக்கு வந்தார். பூமிக்குள் எவ்வளவு ஆழம் வரை மியூவான்கள் துளைத்துச் செல்கின்றன என்று அளப்பதே அவர் பணி. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாகிய சாம்பியன் ரீஃப் இதற்கு வாய்த்த இடம். ஆழம் செல்லச் செல்ல எண்ணிக்கை குறைந்தது. 1960-களின் தொடக்கத்தில், இரண்டரைக் கிலோமீட்டருக்கும் கீழே கருவிகள் பல வாரம் காத்திருந்தும் ஒரு துகளைக்கூடப் பதிவு செய்யவில்லை. அந்த நிசப்தமே பெரும் பயன் தந்தது. இவ்வளவு அமைதியான இடத்தில், பாறையைச் சட்டை செய்யாது ஊடுருவும் நியூட்ரினோவைப் பிடிக்கலாம் அன்றோ? 1965-இல் பம்பாய், ஒஸாகா, டர்ஹாம் ஆகிய மூன்று நகரத்து விஞ்ஞானிகளும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் அடையாளத்தைத் தங்கவயலில் கண்டனர். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் வேறொரு குழுவினர் கண்டனர். கூண்டில் இறங்கிய தொழிலாளர் பலருக்கு அக்கருவிகள் என்ன செய்கின்றன என்பது தெரியாது. அவர்கள் தோண்டிய ஆழம் இன்றேல் அக்கருவிகளுக்கும் வேலை இல்லை. தங்கவயலின் வரலாற்றை எழுதுவோர் பொன்னின் எடையை மட்டும் எழுதி இதனை விட்டுவிடுவது நமக்கு உடன்பாடன்று.

ஐன்ஸ்டீன் 1915-இல் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தார். வேகம் மட்டுமன்று, ஈர்ப்பும் கடிகாரத்தைத் தாமதப்படுத்தும் என்றார். பூமியின் மையத்தை நோக்கிக் கீழே செல்லச் செல்லக் காலம் மெதுவாகும். 1959-இல் தொடங்கி அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில், இருபத்திரண்டு மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரத்தின் அடிக்கும் முடிக்கும் இடையே இவ்வேறுபாட்டை அளந்தனர். 2022-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், ஒரு மில்லிமீட்டர் உயர வேறுபாட்டிற்குள்ளேயே அது புலப்பட்டது. நம் கைப்பேசிக்கு வழி காட்டும் செயற்கைக் கோள்களின் கடிகாரங்கள் நாளொன்றுக்கு ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு முந்தி ஓடுகின்றன. அதனைத் திருத்தாவிடில் நாம் பங்காருப்பேட்டைக்குப் போக நினைத்து வேறெங்கோ போய்ச் சேருவோம்.

தங்கவயலுக்கு இக்கணக்கைப் போட்டுப் பார்த்தோம். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் எட்டு மணி நேரம் வேலை செய்தவனுக்கு, மேலே நின்றவனைவிட ஒரு விநாடியின் நூறு கோடிக் கூறுகளில் ஒன்பது கூறு குறைவாகவே காலம் கழிந்திருக்கும். ஆண்டுக்கு முந்நூறு ஷிப்டு வீதம் முப்பது ஆண்டு உழைத்தவன், தரையில் இருந்த தன் தமையனைவிட ஒரு விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கிற்கும் சற்றுக் குறைவாக இளமை பெற்றிருப்பான். இதே முப்பது ஆண்டில் பாறைத் தூசு நுரையீரலில் படிந்து, சிலிகோசிஸ் என்னும் நோயால் பலர் இழந்த ஆயுள் எத்தனை ஆண்டு என்பதை நம் வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சார்பியல் கொடுத்த கூலி மிக அற்பம்.

ஆயினும் கொள்கைக்கு அது அற்பமன்று. மேலே நின்றவனுக்கும் கீழே நின்றவனுக்கும் காலம் வெவ்வேறாயின், 'இப்பொழுது' என்று பிரபஞ்சம் முழுவதற்கும் பொதுவான ஒன்று இல்லை. இங்கே ஒரு சிறு கண்டனம். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் இணைத்து முதற்பொருள் என்றார் ஆதலால், ஐன்ஸ்டீன் கண்டதை நம் முன்னோர் அன்றே கண்டனர் என்று மேடையில் முழங்குவோர் உளர். தொல்காப்பியர் பேசியது கவிதையின் இலக்கணம். அதனை அதற்காகவே போற்றுவோம். அவருக்கு வேண்டாத பட்டத்தை நாம் சூட்ட வேண்டா.

இனி, இக்கட்டுரையின் மையமான சிக்கலுக்கு வருவோம். அணுவின் உலகை ஆளும் குவாண்டம் கொள்கை 1920-களில் உருவாயிற்று. அதன் சமன்பாடுகளில் காலம் பழைய சங்காகவே இருக்கிறது. சுரங்கத்திற்கு வெளியே, எவர் கைக்கும் எட்டாத இடத்தில் அது ஊதிக்கொண்டிருக்கிறது. உள்ளே நடப்பவை அதன் தாளத்திற்கு நடக்கின்றன. ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கொள்கையிலோ சங்கும் சுரங்கத்திற்குள்ளேயே இருக்கிறது. பொருளின் சுமையால் அதுவும் தாழ்கிறது, அதன் ஒலியும் தளர்கிறது. இரு கொள்கைகளும் தத்தம் எல்லையில் இதுவரை பிழைத்ததில்லை. இரண்டையும் ஒன்றாக்க வேண்டிய இடங்களும் உள்ளன: கருந்துளையின் நடு, பிரபஞ்சத்தின் தொடக்கம். அங்கே எந்தக் காலத்தை வைத்துக் கணக்கிடுவது?

இவ்வினாவை நேராக எதிர்கொண்டவருள் தலையாயவர் பிரைஸ் டிவிட் என்னும் அமெரிக்கர். ஸ்ரீகண்டன் தங்கவயலுக்குள் இறங்கிய அதே 1951-இல், அவரை அனுப்பிய அதே பம்பாய் நிலையத்தில் டிவிட் ஓராண்டு ஆராய்ச்சியாளராகத் தங்கியிருந்தார் என்பது நமக்கு இனிய செய்தி. பின்னர் 1960-களின் இடையில் ஜான் வீலர் என்னும் பேராசிரியர், வட கரோலினாவில் ஒரு விமான நிலையத்தில் அடுத்த விமானத்திற்குக் காத்திருந்த சிறு இடைவேளையில் டிவிட்டைச் சந்தித்து, ஈர்ப்பிற்கும் குவாண்டத்திற்கும் பொதுவான சமன்பாடு எப்படி இருக்கும் என்று ஆராய்ந்ததாகக் கூறுவர். 1967-இல் அது அச்சேறிற்று. இன்று இருவர் பெயராலும் வழங்குகிறது.

அச்சமன்பாட்டில் காலம் இல்லை. மறந்து விடுபட்டதன்று, கணக்கே அதனை நீக்கிவிட்டது. காரணத்தை ஒருவாறு கூறலாம். குவாண்டம் கொள்கையில் ஒரு பொருளைக் காலப்போக்கில் மாற்றுவது அதன் மொத்த சக்தி. எல்லை மூடிய பிரபஞ்சம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், ஐன்ஸ்டீனின் விதிப்படி அச்சக்தியின் கணக்கு, வரவும் செலவும் நேர்ந்து, சுழியாகவே முடிய வேண்டும். மாற்றுவதற்கு மிச்சம் ஒன்றும் இல்லை. ஆகவே பிரபஞ்சத்தின் நிலை மாறுவதில்லை. ஆனால் நாம் மூத்து வருகிறோம். பிள்ளைகள் வளர்ந்து வருகின்றனர். சுரங்கமோ 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. மாறாத பிரபஞ்சத்துள் இவ்வளவு மாற்றம் எங்கிருந்து வந்தது?

ஒரு சாரார் கூறும் விடை இது. வெளியே சங்கு தேவையில்லை. உள்ளே இருக்கும் பொருள்களே ஒன்றுக்கொன்று கடிகாரம். சுரங்கம் மூடியபின் ஷிப்டு மாற்றும் சங்குக்கு வேலை இல்லாது போயிற்று. வீடுகளில் காலம் நின்றுவிட்டதா? பெங்களூர் ரயில் புறப்படும்போது பால்காரர் வந்திருப்பார்; பால் பொங்கும்போது பள்ளி மணி அடிக்கும். ஒன்றை மற்றொன்றால் அறிந்தோம். 'இத்தனை மணிக்கு இது நடந்தது' என்பதற்குப் பதிலாக, 'இது இவ்வாறு இருந்தபோது அது அவ்வாறு இருந்தது' என்று மட்டும் சொல்லிப் பிரபஞ்சத்தின் கதை முழுவதையும் உரைத்துவிடலாம் என்பதே இவர்கள் கருத்து. 1983-இல் டான் பேஜ், வில்லியம் வூட்டர்ஸ் என்ற இருவர் இதனைக் கணித வடிவில் நாட்டினர். 2013-இல் இத்தாலியின் டூரின் நகரத்து ஆராய்ச்சியாளர் இரண்டு ஒளித்துகள்களைக் கொண்டு இதற்கு ஒரு மாதிரி செய்து காட்டினர். இரண்டையும் சேர்த்து வெளியிலிருந்து நோக்கினால் மாற்றமில்லை. ஒன்றைக் கடிகாரமாகக் கொண்டு மற்றதை நோக்கினால் மாற்றம் தெரிகிறது. இது விளக்கமேயன்றி நிரூபணம் அன்று. மாதிரிப் பொம்மையைப் பிரபஞ்சம் என்று கொள்ளலாகாது.

மராட்டியத்தில் பிறந்த அபய் அஷ்டேகர் 1986-இல் ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளைப் புதிய உருவில் எழுதினார். அதன்மேல் கார்லோ ரொவெல்லி, லீ ஸ்மோலின் முதலியோர் கட்டிய கொள்கையில் வெளியே நுண்ணிய கண்ணிகளால் ஆன வலையாகிறது. சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிலையத்தில் ரொமேஷ் கௌல், பார்த்தசாரதி மஜும்தார் ஆகியோர் இவ்வழியில் கருந்துளைகளைப் பற்றிச் செய்த கணக்கு உலகப் புகழ் பெற்றது. 2006-இல் அஷ்டேகரும், பரம்ப்ரீத் சிங்கும், போலந்து நாட்டவர் ஒருவரும் சேர்ந்து பிரபஞ்சத் தொடக்கத்தை ஆராய்ந்தனர். காலம் என்று தனியே எதையும் வையாது, பிரபஞ்சத்தில் பரவிய ஒரு புலத்தையே கடிகாரமாகக் கொண்டனர். அக்கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பினால் பிரபஞ்சம் ஒரு புள்ளியில் சென்று அழியவில்லை. சுருங்கி, மீண்டும் விரிகிறது. தொடக்கம் என்று நாம் கருதியது ஒரு திருப்பமாகிறது. எளிமைப்படுத்திய ஒரு பிரபஞ்சத்திற்கே இக்கணக்கு என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

மற்றொரு சாரார் இதற்கு நேர் எதிர். காலம் நீங்கினால் ஒன்றும் மிஞ்சாது. முன்பின் என்னும் முறையே உலகின் அடிப்படை என்பர் அவர்கள். 1987-இல் ரஃபேல் ஸார்கின் என்பவரும் அவர் தோழர் மூவரும் இக்கொள்கையை வெளியிட்டனர். நம்மிடமிருந்து நூறு கிலோமீட்டர் அளவில், பெங்களூரில் உள்ள ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் ஸுமதி ஸூர்யா இத்துறையில் பெரும் பணி செய்து வருபவர்.

இக்கருத்தைத் தமிழர் எளிதில் பிடிக்கலாம். 'அவன் நாளை ஊருக்கு வந்து, தாயைக் கண்டு, உண்டு, செல்வான்' என்கிறோம். வந்து, கண்டு, உண்டு என்பவை இறந்தகால எச்சங்கள். நடக்கப் போவதோ நாளை. ஆகவே இவ்வெச்சங்கள் இங்கே உணர்த்துவது எது முன், எது பின் என்பது ஒன்றையே. நாளை என்ற எதிர்காலத்தை நிறுவுவது இறுதியில் நிற்கும் முற்று. ஸார்கின் கூறும் பிரபஞ்சம் எச்சங்களால் மட்டும் ஆன வாக்கியம். நிகழ்ச்சிகள் உண்டு, முன்பின் உண்டு. அவற்றிற்கு வெளியே நின்று தேதி குறிக்கும் முற்று இல்லை.

அப்படியானால் காலத்தின் நீளத்தை அளப்பது எப்படி? எண்ணித்தான். நம் குடும்பங்களில் முப்பாட்டனார் பிறந்த ஆண்டைக் கேட்டால் எவருக்கும் தெரியாது. குடியாத்தத்திலிருந்து முதலில் வந்தவர் அவர். அவர் மகன் இன்னார். அவர் மகன் நம் தந்தை என்று மட்டும் சொல்வார்கள். தலைமுறையை எண்ணிக் காலத்தை அளந்துகொள்கிறோம். கிளை வேறான இரு உறவினருள் எவரும் எவருக்கும் முன்னோர் அல்லர். அவர்களிடை முன்பின் கேட்பதற்கே பொருளில்லை. ஸார்கின் கொள்கையிலும் இவ்வாறே. ஒளி சென்று சேர முடியாத தொலைவிலுள்ள இரு நிகழ்ச்சிகளிடையே முன்பின் இல்லை; வம்சச் சங்கிலியில் எத்தனை கண்ணி என்பதே காலம். ஐன்ஸ்டீன் 'பொதுவான இப்பொழுது' இல்லை என்றது இங்கே தானாகவே வந்து அமைகிறது. இவ்விரு சாராருள் எவர் பக்கம் என்று எம்மைக் கேட்டால், மனம் பின்னவர் பக்கமே சாய்கிறது. மனச்சாய்வு சான்றாகாது என்பதும் தெரிந்ததே. ஒன்று மட்டும் அவர்கள் பக்கம் குறிப்பிடத்தக்கது. பிரபஞ்ச விரிவை ஊக்கும் ஒரு மாறிலி, சுழியாக இராமல் மிகச் சிறிய அளவில் இருத்தல் வேண்டும் என ஸார்கின் 1990-ஐ ஒட்டியே கூறினார். 1998-இல் தொலைதூர விண்மீன் வெடிப்புகளை அளந்தவர்கள் ஏறத்தாழ அவ்வளவில் ஒன்றைக் கண்டனர்.

தீர்ப்பு வழங்குவது பரிசோதனை. அது எத்துணைக் கடியது என்பதற்குத் தங்கவயலே சாட்சி. 1974-இல், ஈர்ப்பு நீங்கலாக மற்ற மூன்று விசைகளையும் ஒன்றாக்கும் அழகிய கொள்கை ஒன்று பிறந்தது. அதன்படி எல்லாப் பொருள்களுக்கும் அடிப்படையான புரோட்டானும் ஒருநாள் அழியும். அதன் ஆயுள் 1-ஐத் தொடர்ந்து முப்பது சுழி இட்ட அளவான ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான். அவ்வளவு காலம் காத்திருப்பது யார்? ஒரு புரோட்டானைக் காப்பதற்குப் பதில் எண்ணற்றவற்றைக் காத்தால், சில ஆண்டுகளிலேயே ஒன்றிரண்டு அழிவதைக் காணலாம். 1980-இல் தொடங்கி, 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் 140 டன் எடையுள்ள கருவியை, இரும்புத் தகடுகளும் எண்ணிக் குழல்களுமாக அடுக்கி, இந்திய ஜப்பானிய விஞ்ஞானிகள் காத்திருந்தனர். அழிவின் அடையாளமோ என்று ஐயுறத்தக்க சில நிகழ்ச்சிகள் பதிவாயின, உலகெங்கும் பரபரப்பு. ஆனால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் எழுந்த பெருங்கருவிகள் அதனை உறுதி செய்யவில்லை. 2020-இல் ஜப்பானியர் வெளியிட்ட கணக்கின்படி, புரோட்டான் அழியும் முக்கியமான வழி ஒன்றுக்கு ஆயுள் 2.4-ஐ 1-க்குப் பின் 34 சுழி இட்ட எண்ணால் பெருக்கிய ஆண்டுகளினும் மிகுதி. அந்த அழகிய கொள்கை, குறைந்தது அதன் எளிய உருவில், வீழ்ந்தது.

காலத்தைப் பற்றிய கொள்கைகளுக்கு அத்தகைய பொறி இன்னும் அமையவில்லை. ஈர்ப்பும் குவாண்டமும் சந்திக்கும் கால அளவு, ஒரு விநாடியைப் புள்ளிக்குப் பின் 43 சுழி இட்டு 54 என எழுதிய பின்னம். எந்தக் கடிகாரமும் அதன் அருகே செல்லவில்லை. ஆயினும் இயற்கை நடத்திய ஓட்டப் பந்தயம் ஒன்று உண்டு. 2009 மே மாதம், ஃபெர்மி என்னும் விண்வெளித் தொலைநோக்கி, 700 கோடி ஆண்டுக்கும் மேல் பயணம் செய்து வந்த காமாக் கதிர் வெடிப்பு ஒன்றைக் கண்டது. வெளியும் காலமும் நுண்மணிகளால் ஆனவையாயின், மிகுந்த சக்தியுள்ள ஒளி சற்றே தாமதிக்கலாம் எனச் சிலர் கூறியிருந்தனர். அத்துணை நெடும் பயணத்தின் முடிவில் பெருஞ்சக்தி ஒளித்துகள் மற்றவற்றோடு ஒரு விநாடிக்குள்ளேயே வந்து சேர்ந்தது. அவ்வாறு எதிர்பார்த்த கொள்கைகளுள் சில அன்றே விலக நேர்ந்தது. ஸார்கினின் கொள்கை அத்தகைய தாமதத்தை வேண்டாதது ஆதலால் தப்பிற்று. அஷ்டேகர் வழியினருள் இது பற்றி வாதம் இன்னும் முடியவில்லை.

தொடக்கத்தில் சொன்ன 270 கோடி ஆண்டு என்ற கணக்கு, பாறைக்குள் அடைபட்ட அணுக்கள் சிதைவதை எண்ணிப் பெற்றது. அதுவும் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளத்தலே. யுரேனியமும் ஈயமும் இக்கடிகாரத்தின் முட்களாவது எவ்வாறு என்பதை அடுத்த திங்கள் இப்பகுதியில் எழுதுவோம்.